லண்டனிலிருந்து சிட்னி வரை

லண்டன் மாநகருக்கும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கும் இடையே ஆகாய மார்க்கமாக உள்ள தூரம் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், உலகத்தில் எந்த இரண்டு ஊர்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க இயலாது என்பதும், இவ்விரு நகரங்களும் அந்த எல்லையை நெருங்கி நிற்பவை என்பதும் விளங்கும்.

இத்தூரத்தைத் தட்டையான தேசப்படத்தில் அளந்து பார்ப்பவர் ஏமாந்தே போவார். பூகோள உருண்டையின் மேல் ஒரு நூலை லண்டனிலிருந்து சிட்னிவரை இறுக இழுத்துப் பிடித்தால், அது நாம் எண்ணுவதுபோல அரபு நாடுகளின் மேல் செல்லாமல், வடகிழக்காக ஏறி ருஷ்யாவையும் சீனாவையும் கடந்து இறங்குவதைக் காணலாம். ஆயினும் எரிபொருளுக்காக இறங்க வேண்டிய ஊர்களும், யுத்தத்தினால் மூடப்பட்ட வான்வெளிகளும் விமானத்தை அந்த நேர்வழியினின்றும் விலக்கிவிடுகின்றன. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று ஒரு திசைக்குத் துணையாகவும் மறு திசைக்குத் தடையாகவும் நிற்பதால், போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

1919-ஆம் ஆண்டில் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளுடன் லண்டனிலிருந்து டார்வின் துறைமுகத்தை அடைய 28 நாட்கள் ஆயின. 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து 29 பிரயாணிகளுடன் கிளம்பிய கான்ஸ்டலேஷன் விமானம், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ முதலிய இடங்களில் இறங்கி ஏறி, நான்கு நாட்களில் லண்டன் சேர்ந்தது.

இவ்விரண்டிற்கும் இடையே நடந்த ஒரு சாகசத்தையே இம்மார்க்கத்தின் சரித்திரத்தில் தலையாயதாக நான் மதிக்கிறேன். ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியதால் வழி துண்டிக்கப்பட்டிருந்த 1943-ஆம் ஆண்டில், பெர்த் நகரிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கு, கடலோடி விமானங்களான கட்டலினாக்கள் இந்து சமுத்திரத்தைக் குறுக்காகக் கடக்கத் தொடங்கின. எரிபொருளே பாரமாகிவிட்டபடியால் மூன்று பிரயாணிகளுக்கும் ஒரு சிறு தபால் மூட்டைக்குமே இடமிருந்தது. எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடுமென்று வானொலியை மௌனமாக்கி, நட்சத்திரங்களைக் கொண்டே திசையறிந்து, 30 மணி நேர அளவில் பறந்த அவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். பிற்காலத்துச் சாதனைகள் யாவும் யந்திரத்தின் பெருமை. இதுவோ மனிதரின் பெருமை.

1989-இல் ஒரு போயிங் 747-400 விமானம் லண்டனிலிருந்து எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிஷத்தில் சிட்னியை அடைந்தது. எரிபொருளைச் சேமிப்பதற்காக, ஓடுபாதைவரை அதை வண்டி கட்டி இழுத்துச் சென்றார்கள். 2019-இல் 787 ரக விமானமொன்று 19 மணி 19 நிமிஷத்தில் அப்பயணத்தை முடித்தது. இரண்டுமே வெகு சிலரை ஏற்றிச் சென்ற பரீட்சைப் பயணங்கள்.

வழக்கமான பிரயாணி இடையில் ஓரிடத்தில் தங்கி, 22 மணி முதல் 24 மணி நேரத்தில் போய்ச் சேருகிறார். சிட்னியின் கடிகாரம் லண்டனைவிடப் பருவத்திற்கேற்ப 9 முதல் 11 மணி நேரம் முந்திச் செல்வதால், திங்கட்கிழமை இரவு லண்டனில் ஏறுபவர் புதன்கிழமை காலையில்தான் சிட்னியில் இறங்குவார். ஆகவே அங்கே முக்கிய காரியமாகச் செல்பவர்கள், தங்கள் ஏற்பாடுகளைச் சிட்னியின் தேதியை வைத்தே செய்துகொள்வது நலம்.