பச்சோந்திக் குஞ்சுக்கு எவ்வளவு தீனி?



ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு நாள் காலையில் காலணிப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வகுப்புக்கு வந்தான். உள்ளே ஒரு பச்சோந்திக் குஞ்சு. அவனுடைய அண்ணன் பட்டணத்திலிருந்து வாங்கி வந்தது. "ஐயா, இதுக்கு எவ்வளவு தீனி போடணும்?" என்று கேட்டான். "வளர்கிற பிள்ளை, நிறையப் போடு" என்றேன். அந்த விடை தவறானது. அது ஏன் தவறு என்பதையே இன்று பேசப் போகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வேலியிலும் மரத்திலும் திரியும் ஒரு பச்சைப் பிராணியை மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பச்சோந்தி என்கிறார்கள். மிரண்டால் அது பழுப்பாக மாறுவது உண்மைதான். ஆனால் அது ஓணான் இனம். உண்மையான பச்சோந்தி நம் நாட்டுக் காடுகளில் கிடையாது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அரபு நாடுகள், இந்தியா, இலங்கை போன்ற இடங்களில்தான் உண்டு. தமிழகத்திலிருந்து பால்மரம் வெட்ட வந்த நம் முன்னோர் பெயரைக் கொண்டுவந்தார்கள், பிராணி வரவில்லை! இரு கண்களும் தனித்தனியே சுழல்வது, இடுக்கி போலப் பிளந்த பாதம், உடலை விட நீளமான நாக்கு ஆகியவை பச்சோந்தியின் அடையாளங்கள். மரத்தில் காணும் ஓணானைப் பிடித்து அடைத்து வளர்க்க வேண்டாம்.

வளர்ப்பவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது, தலையில் கொண்டை உள்ள யேமன் நாட்டுப் பச்சோந்தி. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆகவே வாங்குவதற்கு முன்பே, அனுமதி வேண்டுமா என்று பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டறிவது கடமை. பாலம் கடந்து சிங்கப்பூருக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அங்கே வீட்டில் பச்சோந்தி வளர்ப்பதற்குத் தடை உண்டு.

இனி, தீனியின் அளவுக்கு வருவோம். இதில் முதலில் கவனிக்க வேண்டியது பூச்சியின் பருமன். குஞ்சின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது. அடுத்தது எண்ணிக்கை. மூன்று மாதக் குஞ்சுக்கு ஒரு நாளைக்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு சிறிய சுவர்க்கோழிகள் போதும். செங்கெரிக் என்று கடைகளில் விற்பது இந்தப் பூச்சிதான். காலையில் ஒரு வேளை, நண்பகலில் ஒரு வேளை எனப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே பசி இராது. எனவே பத்துப் பதினைந்து நிமிடத்தில் எத்தனை உண்கிறதோ, அதுவே அந்த வேளைக்கு அளவு. மீந்த பூச்சிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். இரவில் தீனி வேண்டாம். உடலில் வெப்பம் இருந்தால்தான் அதற்குச் செரிக்கும்.

ஆறு மாதத்திற்குப் பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு வயதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்தாறு பூச்சிகள் என நிறுத்த வேண்டும். பெட்டைக்கு இது மிக முக்கியம். ஆண் துணை இல்லாமலேயே அது முட்டையிடும். தீனி மிகுந்தால் முட்டைகளும் மிகும். அவற்றை வெளியேற்ற முடியாமல் இறந்துபோவதும் உண்டு.

அப்படியானால் எண்ணிப் போட்டால் போதுமா? போதாது. சுவர்க்கோழியின் உடலில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். வயிறு நிரம்பும், எலும்பு வளராது. அதனால் பூச்சிகளுக்கு முதல் நாளே கீரையும் கேரட்டும் உண்ணக் கொடுத்து, பிறகு பாஸ்பரஸ் கலவாத சுண்ணாம்புச் சத்துத் தூளை மெல்லத் தூவிக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சத்து உடலில் சேர வெயிலின் புற ஊதாக் கதிர் தேவை. கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலும் பாதி வெயிலுமாக, காலை இளவெயிலில் சிறிது நேரம் வைக்கலாம். நம் ஜோகூரில் அதற்குக் காசா பணமா? கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்து செத்துப்போகும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் அதற்குத் தெரியாது. இலைகளில் தெளித்தால் துளிகளை நக்கிக் குடிக்கும்.

தோட்டத்தில் வாழும் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடித்த செம்பனைக் காட்டில் பிடித்த வெட்டுக்கிளியைத் தீனியாகப் போடாதீர்கள். மின்மினியும் வேண்டவே வேண்டாம். சில வகை மின்மினிகளில் உள்ள நஞ்சு, இவ்வகைப் பிராணிகளைக் கொன்றுவிடும்.

அந்த மாணவனின் குஞ்சு என்ன ஆயிற்று? நான் சொன்னபடியே அவன் நிறையப் போட்டான். மீன் தொட்டியில் வைத்து, இரவில் இருபது இருபதாகக் கொட்டினான். மீந்த பூச்சிகள், உறங்கும் குஞ்சைக் கடித்தன. மூன்றாம் மாதத்தில் உடல் கொழுத்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் வில்லாக வளைந்து, கிளையைப் பற்ற முடியாமல் விழுந்தது. கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். "தீனி மிஞ்சியது, சத்துக் குறைந்தது" என்றார் அவர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன் நான். மிஞ்சுதலும் குறைதலும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நிகழும் என்பதை அன்றுதான் கற்றேன்.

"தப்பு என்னுடையது" என்று வகுப்பின் முன் சொன்னேன். அன்று முதல் அவன் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி, கொடுத்த பூச்சி, தின்ற பூச்சி, வெயிலில் வைத்த நிமிடம் என நான்கு கட்டங்கள் போட்டு எழுதிவந்தான். வளைந்த கால்கள் நிமிரவில்லை. ஆனால் குஞ்சு பிழைத்தது. தாழ்வாகக் கட்டிய கிளைகளில் மெல்ல ஏறவும் பழகிக்கொண்டது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு பிராணியைக் கொண்டு வந்து, எவ்வளவு போடுவது என்று கேட்டால், என்னைப் போல உடனே விடை சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.