கண்மாய்த் தண்ணியில ஒரு லாக் ஃபைல்

வண்டியூர் கண்மாயில பறவையை பைனாகுலர்ல எண்ணிடலாம். சேத்துக்குள்ள கிடக்கிற விராலை எப்படி எண்ணுவீங்க?

அதுக்குத்தான் சூழல் டிஎன்ஏ. செதில், சளி, எச்சம்னு ஒவ்வொரு உயிரும் தன் டிஎன்ஏவைத் தண்ணியில விட்டுட்டுப் போகும். நம்ம பாஷையில, லாக் ஃபைல். தண்ணியை வடிகட்டி, டிஎன்ஏவைப் பிரிச்சுப் படிச்சு, தரவுத்தளத்தோட ஒப்பிட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகள் ஒடிசாவின் சிலிகா ஏரியில் இப்படித்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினக் குடும்பங்களைக் கண்டறிஞ்சாங்க.

ஆனா ஒரு பக் இருக்கு. சாக்கடை கலக்கிற கண்மாயில, யாரோ வீட்ல கழுவின வஞ்சிரத்தோட டிஎன்ஏவும் வரும். மதுரையில கடல் மீன் நீந்துதுன்னு ரிசல்ட் சொல்லும்! தரவுத்தளத்துல இல்லாத உயிருக்குப் பேரே வராது. அதனால வலை வீசுறவரும் பறவை பார்க்கிறவரும் கூடவே வேணும்.

இந்தக் கணக்கு எதுக்கு? மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியை 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தப்போ, போராடின மக்களுக்கு அந்த அறிவிப்பும் கைகொடுத்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்து. என்ன இருக்குன்னு எழுதி வைக்காத கண்மாய்க்கு, நாளைக்கு எதைக் காட்டி வாதாடுவோம்?