எலுமிச்சைத் தோட்டத்துக்கு மானியம் இருக்கு, ஆத்துத் தண்ணிக்கு?

இந்த எபிசோடு செலவைப் பங்கு போடுவது பற்றி. ஒரு விவசாயி தன் தோட்டத்தில் வரப்பு போடுகிறார், உரத்தை அளந்து வைக்கிறார். அதனால் ஆற்றுத் தண்ணீர் கெடாமல் இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது கீழே இருக்கிற யாரோ. அப்ப, செலவை யார் கொடுக்கணும்?

கல்வராயன் மலையை எடுத்துக்கிட்டா கேள்வி தெளிவாகிடும். மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி, கச்சிராயபாளையம் பக்கத்தில் 46 அடி உயர கோமுகி அணையில் நிற்கிறது. பிறகு கள்ளக்குறிச்சியைத் தாண்டி மணிமுக்தாவில் சேர்ந்து, வெள்ளாற்றுக்குப் போகிறது. மேலே சரிவில் கரைகிற மண்ணும் உரமும் போகிற பாதையும் இதேதான்.

மலையில் மரவள்ளிதான் அதிகம். ஆனால் எலுமிச்சையில் மரத்துக்கு இவ்வளவு உரம் என்று கணக்கு இருப்பதால், அதை வைத்தே சொல்கிறேன். ஆறாவது வருஷத்திலிருந்து ஒரு மரத்துக்கு வருஷம் 600 கிராம் தழைச்சத்து வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மார்ச்சில் பாதி, அக்டோபரில் பாதி. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான். அதனால் எல்லாவற்றையும் யூரியாவாகவே வைத்தால் மரத்துக்கு 1.3 கிலோ வரும். ஐந்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 160 மரம் என்று வச்சுக்கோங்க. 208 கிலோ ஆகிறது. அதாவது 45 கிலோ மூட்டையில் நாலரைக்கும் மேல். அதில் பாதி வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற அதே மாசத்தில் மண்ணில் விழுகிறது.

யூரியா மண்ணில் அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட் ஆகிறது. களிமண் துகளுக்கு எதிர்மின்னூட்டம், நைட்ரேட்டுக்கும் அதேதான். அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. வேர் உறிஞ்சுவதற்குள் கனமழை வந்தால், தண்ணீரோடு இறங்கி கிணற்றுக்கும் ஓடைக்கும் போய்விடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பால் பவுடரைக் கலக்கிக் கொடுக்கிற கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

பாஸ்பரஸ் வேற ரகம். அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், மண் அரித்தால்தான் கூடவே போகும். அதனால் வைத்தியமும் ரெண்டு. நைட்ரேட்டுக்கு, உரத்தைச் சின்னச் சின்னத் தவணையாகப் பிரித்து சொட்டுநீரில் கரைத்துக் கொடுக்கணும். மண்ணுக்கு, சரிவின் குறுக்கே வரப்பு, கல் தடுப்பு, வெட்டிவேர் வரிசை.

இப்ப காசு. சொட்டுநீருக்கு மத்தியத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு மானியம் 55 சதவீதம். அதை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பிரித்துக்கொள்கின்றன. மீதியையும் தமிழ்நாடு அரசே போட்டு 100 சதவீதமாக்குகிறது. கணக்குப் போட்டால், திட்டம் ஒப்புக்கொள்ளும் விலைக்குள் நூறு ரூபாய்க்கு டெல்லி 33, சென்னை 67, விவசாயி பூஜ்யம். மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதம்.

தாராளம்தான். ஆனால் இந்தத் திட்டத்தின் பெயரே ‘ஒவ்வொரு துளியிலும் அதிக பயிர்’. குழாய் போட்டாச்சா என்று பார்க்கிறார்கள். கீழே இறங்குகிற தண்ணீரில் நைட்ரேட் குறைஞ்சுதா என்பது கேள்வியிலேயே இல்லை. சொட்டுநீர் போட்டுவிட்டு, யூரியாவை பழையபடி பாத்தியில் கையால் கொட்டினால் மானியம் நிற்காது. சாஃப்ட்வேர்காரன் கண்ணுக்கு இது, இன்ஸ்டால் ஆனதை மட்டும் எண்ணிவிட்டு ஓடுதா என்று பார்க்காத டாஷ்போர்டு.

ஃபுளோரிடாவில் சிட்ரஸ் தோட்டங்களுக்கென்றே தண்ணீரைக் காக்கும் நடைமுறைக் கையேடு இருக்கிறது. விவசாயி அதில் பதிவு செய்து, சொன்னபடி உரம் வைத்து, பதிவேடும் வைத்தால், அவர் தண்ணீர்த் தர விதிப்படி நடப்பதாகவே அரசு எடுத்துக்கொள்ளும். செலவிலும் பங்கு கொடுக்கிறது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரலை. இந்தியன் ரிவர் காயலில் 2011-ல் பாசி பெருகி கடற்புல் ஏராளமாக அழிந்தது. ஆனால் காசு எதற்குக் கொடுக்கிறோம் என்பதில் அங்கே குழப்பம் இல்லை.

நம்மிடமும் எனக்குப் பிடித்த ஒரு மாதிரி உண்டு. 2008-ல் வந்த நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பொது வழிகாட்டு நெறிமுறைகளில், சொந்த நிலத்தில் நடக்கும் மண், நீர் பாதுகாப்பு வேலைக்கு விவசாயி குறைந்தது 10 சதவீதம் கொடுக்கணும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள் என்றால் 5. காசாகவும் கொடுக்கலாம், உழைப்பாகவும் கொடுக்கலாம். அந்தத் தொகை கிராமத்தின் நிதியில் சேர்ந்து, திட்டம் முடிந்த பிறகு பொதுச் சொத்துகளின் பராமரிப்புக்குப் போகும். பொது நிலத்தில் போட்ட தடுப்பு உடைந்தால் கட்டுவதற்கு ஊரிடம் காசு இருக்கும். முழு மானியத்தில் வந்த சொட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட பொது நிதி எதுவும் இல்லை.

கல்வராயனில் இன்னொரு முடிச்சு. சொட்டுநீர் மானியத்துக்கு சிட்டா, அடங்கல் வேணும், சிறு விவசாயி என்று தாசில்தார் சான்று வேணும். 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மலை இது. தலைமுறையாக உழுதும் கையில் பட்டா இல்லாத மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் இங்கே உண்டு. அணைத் தண்ணீருக்கு முக்கியமான சரிவு அவர்கள் உழுகிற நிலம்தான். காகிதம் இருக்கிற சமவெளித் தோட்டத்துக்கு 100 சதவீதம் போகிறது, சரிவுக்கு எதுவும் போவதில்லை. 2006-ன் வன உரிமைச் சட்டத்தில் கொடுக்கிற உரிமைப் பத்திரத்தையும் சிட்டா மாதிரி ஏற்றுக்கொண்டு, அந்தச் சரிவுகளில் வரப்பு போடத்தான் முதல் ரூபாய் போகணும் என்பது என் கருத்து.

அதுவரைக்கும் காசு செலவில்லாமல் ஒண்ணு செய்யலாம். அக்டோபர் யூரியாவை ஒரே நாளில் கொட்டாமல் மூணு நாலாகப் பிரிங்க, கனமழை எச்சரிக்கை இருக்கிற வாரத்தில் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.