மோனேயின் 'மனப்பதிவு, சூரிய உதயம்': ஒரு துறைமுக ஓவியத்தை நயத்தல்

முன்னுரை

பிரான்சின் வடகடற்கரையில், சேன் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது லெ ஆவ்ர் துறைமுகம். அந்நகரில் வளர்ந்த கிளாட் மோனே, அதன் விடியற்பொழுதைத் தைலவண்ண ஓவியமாகத் தீட்டினார். ஓவியத்தில் அவர் பொறித்த ஆண்டு 1872. ஏறத்தாழ 48 செ.மீ. உயரமும் 63 செ.மீ. அகலமும் உடைய இவ்வோவியம், 1874-இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது முற்றுப்பெறாத ஒன்றென எள்ளப்பட்டது. அக்குறை உண்மையானதா என்பதை ஓவியத்தின் அமைப்பைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

காட்சியமைப்பு

முன்புறத்தில் கரிய படகொன்று மிதக்கிறது. அதில் மனித உருவங்கள் நிழலாகத் தெரிகின்றன. அதற்கு அப்பால், இடப்புறம் நோக்கிச் சாய்வாக, பிற படகுகள் ஒன்றைவிட ஒன்று மங்கிச் செல்கின்றன. இம்மங்கலே தொலைவை உணர்த்துகிறது. பின்னணியில் பாய்மரங்களும் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் மூடுபனியில் கரைந்து நிற்கின்றன. எனவே இது மனித நடமாட்டமற்ற இயற்கைக் காட்சியன்று. பொழுது புலரும்போதே உழைப்புத் தொடங்கிவிட்ட தொழில் துறைமுகத்தின் காட்சியாகும்.

வண்ணமும் ஒளியும்

சாம்பல் கலந்த நீலப் பரப்பில் செம்மஞ்சள் கதிரவன் தனித்து ஒளிர்கிறது. ஆயினும் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படியாக மாற்றினால் கதிரவன் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. அதன் ஒளியளவும் சூழ்ந்துள்ள வானத்தின் ஒளியளவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே காரணம். நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதனைச் சுட்டிக்காட்டியுள்ளார். பொருளின் இருப்பிடத்தையும் அசைவையும் அறியும் மூளைப்பகுதி ஒளி வேறுபாட்டையே பெரிதும் சார்ந்தது. நிற வேறுபாட்டை அது மிகக் குறைவாகவே உணரும். ஆதலால் நிறத்தால் மட்டும் வேறுபடும் கதிரவன் ஓரிடத்தில் நிலைகொள்ளாது துடிப்பதுபோல் தோன்றுகிறது. நீரில் விழும் அதன் சாயலோ விட்டுவிட்டு இட்ட சில தூரிகைத் தீற்றல்களே. அவை அலையசைவைக் காட்டப் போதுமானவை.

பெயரும் எள்ளலும்

இதனை லெ ஆவ்ர் நகரின் காட்சி என்று கூற இயலாமையால் 'மனப்பதிவு' எனப் பெயரிட்டதாக மோனே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். திறனாய்வாளர் லூயி லெருவா அச்சொல்லையே பற்றிக்கொண்டு, காட்சியில் பங்கேற்ற ஓவியர்களை 'மனப்பதிவாளர்கள்' என நகைத்து எழுதினார். நகையாகச் சொன்ன அப்பெயரே ஓர் ஓவிய இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

முடிவுரை

பனி மூடிய விடியலில் கண்ணுக்குத் துல்லியமான விளிம்புகள் தென்படுவதில்லை. அவற்றை வரைந்திருந்தால், கண் காணாததை அறிவு நிரப்பியதாகிவிடும். ஆகவே குறையெனக் கருதப்பட்ட தெளிவின்மை, காட்சிக்கு உண்மையாக நின்றதன் விளைவே. இன்று பாரிசின் மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்திலுள்ள இவ்வோவியத்தில் துறைமுகத்தின் விவரங்களைத் தேடுவதைவிட, ஒளி பரவும் அக்கணத்தைக் காண்பதே பொருத்தமான நயத்தலாகும்.