விரல் நுனிக்கு வந்த பிராணவாயுமானி

அர்ச்சுனா ஆறு வைப்பாற்றோடு கூடும் இடத்தில் மாரியம்மன் கோயில் கொண்டிருக்கும் இருக்கன்குடியைச் சுற்றியும், அங்கிருந்து சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி என்று மேற்கே விரிந்து செல்லும் கரிசல் பூமியிலும், பொழுது விடிந்ததும் ஆலை வேன்களில் ஏறிப் பட்டாசு வேலைக்குப் புறப்படும் ஆண்களும் பெண்களும் ஏராளம். அவர்களுடைய மூச்சோடு நேரான சம்பந்தம் உடைய ஓர் உபகரணம், கொரோனாக் காலத்தில் மருந்துக்கடை வழியே வீடுகளுக்குள் புகுந்து, இன்று பல வீடுகளில் அலமாரியின் ஒரு மூலையில் கிடக்கிறது. ஆக்ஸிமீட்டர் என்று எல்லோரும் சொல்லும் அக்கருவி எப்படி இவ்வளவு சிறிதாயிற்று, எதனால் மலிந்தது, அந்த மலிவுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பவற்றை இப்பகுதியினர் அறிந்திருத்தல் அத்தியாவசியம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பிராணவாயுவைத் தாங்கிய ரத்தம் பளிச்சென்ற சிவப்பாகவும், அதை உடலுக்கு ஈந்துவிட்டுத் திரும்பும் ரத்தம் கருஞ்சிவப்பாகவும் இருப்பதை நாம் அறிவோம். 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியைப் பிராணவாயு நீங்கிய ஹீமோகுளோபின் அதிகமாக விழுங்குகிறது. 940 நானோமீட்டர் அளவிலான, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணத்தைப் பிராணவாயு கூடிய ஹீமோகுளோபின் அதிகமாக விழுங்குகிறது. இவ்விரு கிரணங்களையும் விரலுக்குள் செலுத்தி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று ஒப்பிட்டால் கணக்குக் கிடைத்துவிடும் என்றாலும், தோலும் எலும்பும் நகமும் தத்தம் பங்கிற்கு ஒளியை மறிப்பதால், ரத்தத்தின் பங்கை மட்டும் தனித்துப் பிரிப்பது எவ்வாறு என்பதே விஞ்ஞானிகளை வெகுகாலம் திகைக்க வைத்த சிக்கல்.

அதை அவிழ்த்தவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய தகுவோ அவோயாகி. காதுமடலில் ஒளி பாய்ச்சி இருதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவை அறிய அவர் முயன்றபோது, நாடித் துடிப்பினால் எழுந்த அலைகள் அளவீட்டைக் கெடுத்தன. அந்த இடையூற்றை நீக்கப் புகுந்தவர், துடிப்புக்குத் துடிப்பு மாறுவது தமனி ரத்தம் ஒன்றே என்பதையும், ஏனைய யாவும் அசையாது நிற்பதால் மாறும் பகுதியை மட்டும் கணக்கில் கொண்டால் போதும் என்பதையும் கண்டார். திருவிழா இரைச்சலுக்கு நடுவே உடுக்கையின் தாளத்தை மட்டும் பிரித்துக் கேட்கும் செவியை ஒத்தது அந்த நுட்பம். இந்த முறை 1974-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கோடிக்கணக்கான விரல்களை அவருடைய கண்டுபிடிப்பு பற்றியிருந்த 2020 ஏப்ரலில், தம் 84-ஆம் வயதில் அவர் காலமானார்.

அக்காலத்திலேயே ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் தயாரித்த காது ஆக்ஸிமீட்டர், எட்டு அலைநீளங்களைப் பிரயோகித்த கனத்த பேழை. அவோயாகியின் முறைக்கு இரண்டே போதும். சூடேறும் விளக்கும் வடிகட்டிகளும் இருந்த இடத்தில் எல்இடி வந்தது. ஒரே உணரியின் முன் இரு எல்இடிகளும் முறைவைத்து விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மின்னி அணைய, கணக்கை ஒரு சில்லு பார்த்துக்கொண்டது. இன்று மாக்ஸ் 30102 என்ற உணரி, விளக்கும் உணர்பகுதியும் உள்ளடங்க, 5.6 மில்லிமீட்டர் நீளமும் 3.3 மில்லிமீட்டர் அகலமுமே உடையது. இந்தியாவில் இக்கருவி உள்ளிட்ட ஐந்து சாதனங்களின் வாணிப லாபத்துக்கு 2021 ஜூலையில் அரசு 70 சதவீத உச்சவரம்பு விதித்ததும் விலை இறங்கத் துணைபுரிந்தது.

ஆனால் ஒளிக்கும் சில்லுக்கும் ஆகும் செலவு அற்பம். மெய்யான செலவு அளவு திருத்தத்தில் இருக்கிறது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, அந்த அட்டவணையைக் கருவிக்குள் பதிக்க வேண்டும். மலிவான ஆறு கருவிகளை 2016-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது நான்கு தேறவில்லை. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வோ, கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியபோதும் ரத்தத்தில் பிராணவாயுச் செறிவின் உண்மை அளவு 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையருள் 3.6 சதவீதமாகவும் கறுப்பினத்தவருள் 11.7 சதவீதமாகவும் இருந்ததென்று காட்டிற்று. தோலின் நிறமியும் ஒளியை உண்கிறது. கரிசல் வெயிலில் உழைக்கும் நம்மவர் மேனிக்கு ஏற்பத் திருத்தப்படாத கருவியை நம் மருத்துவமனைகள் ஏற்கலாகாது.

இனி இப்பகுதிக்கே உரிய அபாயத்துக்கு வருகிறேன். இரண்டு கிரணங்களைக் கொண்டு இரண்டு பொருள்களைத்தான் பிரித்தறிய முடியும் என்பது கணித நியதி. கருவியை மலிவாக்கிய அதே சிக்கனம் அதன் பார்வையையும் குறுக்கிவிட்டது. மூடிய அறைக்குள் கரி எரிகையில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு, அதையும் பளிச்சென்ற சிவப்பாக்கிவிடுகிறது. சாதாரண ஆக்ஸிமீட்டரின் சிவப்பொளிக்கு அது பிராணவாயு கூடிய ரத்தமாகவே தோன்றும். உடல் பிராணவாயுவின்றித் தவிக்கையில் கருவி 98, 99 என்று காட்டும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியையும், 2021 பிப்ரவரியில் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தையும் வெடிவிபத்துகளில் இழந்த உயிர்களோடு நினைவில் வைத்திருக்கும் மாவட்டத்தில், இந்தக் குறையை வைத்தியர் மாத்திரம் அறிந்திருந்தால் போதாது.

மாற்று இல்லாமல் இல்லை. ஏழுக்கும் மேற்பட்ட அலைநீளங்களால் கார்பன் மோனாக்ஸைடையும் விரலிலேயே மதிப்பிடும் கருவி இருபது ஆண்டுகளாக உண்டு. ரத்தப் பரிசோதனைக்கு அது முற்றிலும் ஈடாகாது என்றாலும், சந்தேகத்தையாவது எழுப்பும். அதன் விலை பன்மடங்கு. எல்இடிகள் மலிந்துவிட்ட இக்காலத்தில், கூடுதல் விளக்குகளைச் சேர்த்து, நம் மக்கள்மீதே அளவு திருத்தி, 108 ஆம்புலன்ஸ்கள்தோறும் வைக்கத்தக்க விலையில் அதை இங்கேயே செய்வது நம் பொறியியல் கல்லூரிகளுக்கும் 2022-இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் தகுந்த பணி; இதற்கு அரசும் ஆலை அதிபர்களும் பொருளுதவி செய்தல் வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. அலுமினியத் தூளும் நகப்பூச்சும் நீங்க விரலைத் துடைத்த பின்னரே கருவியை மாட்டுங்கள். புகை சூழ்ந்த அறையிலிருந்து மீண்ட ஒருவருக்குத் தலைவலியோ மயக்கமோ குமட்டலோ இருந்தால், கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடு பாதியாகக் குறைய வெறுங்காற்றில் நான்கைந்து மணி நேரமும், முகமூடி வழியே தூய பிராணவாயு கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமும் ஆகும் என்பதால், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.