அக்கரையில் ஒரு தொட்டில்

சென்ற மாதம் எங்கள் தெரு ஆச்சி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தார். மகளின் பிரசவத்துக்காகப் போனவர். பேரனைக் காலில் கிடத்தி நீராட்டி, மகளுக்குப் பத்தியச் சமையலும் செய்து போட்டிருக்கிறார். தங்குவதற்கு அனுமதித்த நாட்கள் முடிந்ததும் புறப்பட வேண்டியதாயிற்று. "டெலிபோனில் பேசும்போதெல்லாம் 'பிள்ளை அழுகிறான் ஆத்தா' என்கிறாள், அழுவது பிள்ளையா, அவளா என்றுதான் தெரியவில்லை" என்று அவர் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை.

செட்டிநாட்டாருக்குக் கடல் கடப்பது புதிதல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் கொண்டுவிற்கப் போன காலத்தில், 3 வருஷக் கெடு முடியும் வரையில் தகப்பன் பிள்ளையின் முகத்தையே பாராதிருந்ததும் உண்டு. அது கொடுமைதான். ஆனால் தாய் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தாள். கலியாணமான ஒவ்வொரு மகனுக்கும் வேறு அடுப்பு, வளவு ஒன்றே. இவள் சற்றுக் கண்ணயர்ந்தால் அப்பத்தாவோ ஓர்ப்படியாளோ பிள்ளையைத் தூக்கிக்கொள்வாள். (அவர்களுடைய வாய்க்கு இவள் அஞ்சியதும் உண்டு என்பது வேறு விஷயம்!) இன்றோ புருஷனும் மனைவியும் சேர்ந்தே போகிறார்கள். அவன் காலையில் வேலைக்குச் சென்றுவிட்டால், 15-வது மாடியில் அவளும் கைக்குழந்தையுமே மிச்சம்.

பிரசவித்த சில நாட்களில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுவது பலருக்கும் இயல்பு; பெரும்பாலும் 2 வாரத்துக்குள் தானே நீங்கிவிடும். நீங்காமல், குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கமின்றி, எதிலும் பற்றின்றி, 'நான் நல்ல தாயல்ல' என்ற எண்ணம் வேரூன்றினால் அது நோய். திமிரும் அல்ல, திருஷ்டியும் அல்ல. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெற்ற தாய்மாரில் 100-க்குச் சுமார் 13 பேர் மனநோய்க்கு, முக்கியமாகச் சோர்வு நோய்க்கு, ஆளாகிறார்கள். அயல்நாட்டில் குடியேறியவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். தாயின் முகம் பார்த்துச் சிரிக்கக் கற்கும் சிசுவும் உடன் வாடும்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. 1987-ல் ஸ்காத்லாந்து நாட்டு வைத்தியர்கள் 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ வினாப்பத்திரத்தை வெளியிட்டார்கள். அது தமிழிலும் உண்டு. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் நினைவு வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு 'ஆம்' என்பவளை ஒரு நாளும் தனியே விடலாகாது. சிங்கப்பூர் கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் இத்தகைய தாய்மாருக்கென்றே ஒரு திட்டம் 2008-ல் தொடங்கிற்று. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றாதலால் மொழிக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. இங்கே கவலையோடு அமர்ந்திருக்கும் பெற்றோர் 14416 என்ற அரசாங்க மனநல எண்ணில் தமிழிலேயே யோசனை கேட்கலாம்.

வைத்தியம் இருந்தும் வாய் திறப்பதுதான் அரிதாயிருக்கிறது. "பால் குடித்தானா, எடை ஏறிற்றா" என்று கேட்கும் நாம் பெற்றவளைப் பற்றி எப்போது கேட்கிறோம்? இன்று பேரனைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாமென்று ஆச்சியிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும், "நீ தூங்கினாயா, அப்பச்சி நினைவு வருகிறதா" என்று மகளையே கேட்டிருக்கிறார். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லையாம். பிறகு மாப்பிள்ளையை அழைத்து, டாக்டரிடம் நாள் குறிக்கச் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை போகிறார்கள்.