பேதமும் சொரூபமும்

ஒரு பொருளுக்கு லட்சணம் கூறுவது எதன் பொருட்டு என்று வினவினால், அப்பொருளை ஏனைய பொருள்களினின்றும் பிரித்தறிவதன் பொருட்டு என்பதே தருக்க நூலார் தயங்காது கூறும் விடை என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதனை வாசித்த வெள்ளவத்தை அன்பரொருவர், பேதத்தை அறிந்தமையால் மாத்திரம் பொருளை அறிந்தவராவோமா என்று கேட்டு எழுதியிருக்கின்றார். மிகத் தகுதியான கேள்வி. இவ்வாரம் முழுவதையும் அதற்கே தருகின்றேன்.

அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான சுவாமிகள் தமிழாக்க, நம் ஆறுமுக நாவலர் அதனைப் பதிப்பித்து வழங்கினார். அவ்வழியே தருக்கம் கற்கப் புகுவோர் பசுவின் உதாரணத்தைக் கடவாது செல்வதில்லை. கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசு விடுபடும். கொம்புடையது என்றால் எருமையும் உட்புகும். ஒற்றைக் குளம்புடையது என்றாலோ ஒரு பசுவும் அகப்படாது. கழுத்தின் கீழ்த் தொங்கும் அலைதாடியைச் சொன்னால்தான் பசுவினம் முழுதும் அடங்கிப் பிற யாவும் விலகும். ஆயினும் அலைதாடி பசுவைக் காட்டிக் கொடுக்கின்றதேயன்றி, பசு இன்னதென்று உரைப்பதில்லை.

கொட்டாஞ்சேனைக்கு அணித்தேயுள்ள செட்டியார் தெருவின் நகைக்கடைகளில் மாணிக்கத்தையும் நீலத்தையும் புஷ்பராகத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, அவை வெவ்வேறு கற்கள் என்பதிற் சந்தேகம் எழாது. நவரத்தின வரிசையிலும் அவை சூரியனுக்கும் சனிக்கும் வியாழனுக்குமாகப் பகுக்கப்பட்டுள்ளன. ஆனால் மூன்றும் குருந்தம் என்னும் ஒரே கனிப்பொருளே. அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அதன் உடலிற் சிறிது குரோமியம் கலந்தாற் செம்மையும், இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலமும் பிறக்கின்றன. இதற்கு மாறாக, இங்கிலாந்து மன்னரின் முடியிற் பதித்து, 'கறுப்பு இளவரசனின் மாணிக்கம்' என்று போற்றப்படும் செந்நிறக் கல் குருந்தமே அன்று, அது ஸ்பினல் என்னும் வேறொரு கனிப்பொருள். கண்ணைக் கவரும் பேதம் சொரூபத்தைத் தொடாமலும், சொரூபத்திலுள்ள பேதம் கண்ணுக்குத் தோன்றாமலும் இருக்கலாம் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

1945ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து இரத்தினப் பரிசோதகர் ரிச்சர்ட் டாஃப், பட்டை தீட்டிய கற்கள் சிலவற்றை ஆராய்கையில், ஸ்பினல் போன்ற இளஞ்செவ்வூதாக் கல்லொன்றினூடே பின்புற விளிம்புகள் இரட்டையாகத் தோன்றக் கண்டார். ஸ்பினலில் ஒளிக்கதிர் இரண்டாகப் பிளவுறுவதில்லை. ஆகவே இது ஸ்பினலன்று என்பது அக்கணமே துணியப்பட்டது. ஆனால் ஸ்பினல் அல்லாதவை உலகில் அனந்தம். மறுப்பினால் மாத்திரம் கல்லின் இயல்பு விளங்கவில்லை. லண்டனில் அதனைப் பகுத்துப் பார்த்து, மக்னீசியமும் பெரிலியமும் ஒருங்கே கொண்ட புதிய கனிப்பொருள் என்று கண்ட பின்னரே அதற்கு டாஃபைற் என்ற நாமம் நிலைத்தது. அவ்வினக் கற்கள் பின்னர் நம் இலங்கையிலேயே கிடைத்தன.

சைவ சித்தாந்திகள், பொருளைப் புறத்தே நின்று சுட்டும் தடத்த லட்சணம் வேறு, அதன் உள்ளியல்பையே உரைக்கும் சொரூப லட்சணம் வேறு என வகுத்ததன் அருமையை இவ்விடத்தில் நான் உணர்கின்றேன். அவர்கள் அதனை இறைவனைக் குறித்தே வகுத்தனர் எனினும், கல்லைக் குறித்தும் அப்பாகுபாடு பயன்படுகின்றது. இரட்டை விளிம்பு ஓர் அடையாளம்; அது விசாரணைக்கு வழி திறந்தது, விசாரணையை முடித்து வைக்கவில்லை.

வழி எப்போதும் புற அடையாளத்திலிருந்தே திறக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 1877இல் கொழும்பிற் பிறந்து, இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, 1904ஆம் ஆண்டளவில் தமக்குக் கிடைத்த கனத்த கருநிறக் கனசதுரப் படிகங்களை யுரேனினைற் என்றே முதலிற் கருதினார். கருமை, கனம், வடிவம் ஆகிய யாவும் அதற்கு இசைந்தனவே. பேதமென்று சுட்ட வெளியில் ஒன்றும் தோன்றவில்லை. லண்டனில் டன்ஸ்டன் என்னும் இரசாயன அறிஞர் அவற்றைப் பகுத்தாய்ந்து, பெரும்பகுதி தோரியத்தின் ஒட்சைட்டு எனக் கண்டு தோரியனைற் என்று பெயரிட்டார். இங்கே உட்பொருளை நாடிச் சென்றதனாலேதான் பேதம் வெளிப்பட்டது. எனவே அன்பருக்கு என் விடை: பேதம் பொருளறிவுக்கு வாயிலாவதுண்டு, அதன் பயனாவதும் உண்டு, பொருளறிவுக்கு ஈடாவது மட்டும் இல்லை.

இனி, 'இது ஸ்பினலன்று' என்ற அறிவின் விஷயம் யாது? நியாய நூலார் அதற்கு, ஒன்று மற்றொன்றாகாமை என்னும் பொருளில், அன்னியோன்னியாபாவம் என்று பெயரிட்டு, இன்மையையும் பதார்த்தங்களுள் ஒன்றாக எண்ணினர். அவ்வாறு எண்ணியது தகுமோ என்பதை அடுத்த வாரம் ஆராய்வோம்.